முப்பத்தொண்ணாம் நம்பர் வாட்ச்சு

கண்ணு கூசுதுங்களாண்ணா? மன்னிச்சுக்கங்க. ஜன்னல் வெயிலு இந்த வாட்ச்சு மேல பட்டு நேரா உங்க மூஞ்சிலயே அடிக்குது. இருங்க, சட்டைக் கைய எறக்கி விட்டுக்கறேன். அரக்கோணத்துல இருந்து நீங்க கண்ண மூடறதும் தொறக்கறதுமா இருந்தீங்க. நான் உங்களுக்கு ஏதோ தூக்கம் வருதாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன்.

இல்லீங்ணா, திருடினது இல்ல. நீங்க கேக்கல, சரி. ஆனா செருப்பப் பாத்தீங்க, வாட்ச்சப் பாத்தீங்க, மறுபடி செருப்பப் பாத்தீங்க. நான் உங்க எடத்துல இருந்தா இந்நேரம் டிடிஆரக் கூப்புட்டுருப்பேன். பில்லு இருக்குதுங்ணா, என்ற பேர்ல. நவநீதன்னு போட்டிருக்கு. வாட்ச்சு வந்த பொட்டி, மேல பையில இருக்குது. அந்தப் பொட்டியே எங்க ஹாஸ்டல் ரூமவிட நல்லா இருக்கும், ஃபேன்தான் இல்ல.

விலையக் கேக்காதீங்க. சொன்னா நீங்க எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிருவீங்க. அப்பறம் கோயமுத்தூர் வரைக்கும் நான் தனியா வரோணும்.

உலகத்துலயே இந்த மாதிரி மொத்தம் அம்பதுதான் பண்ணியிருக்காங்களாம். அத்தோட அச்ச ஒடச்சுப் போட்டுட்டாங்க. பின்னாடி நம்பர் செதுக்கியிருக்கும், பாருங்க. அம்பதுல முப்பத்தொண்ணு. நான் வாழ்க்கைல அம்பதுக்கு முப்பத்தொண்ணு வாங்கினது இதாங்ணா மொதத் தடவ.

ஆனா வாட்ச்சு என்னுது இல்ல. பில்லு என்னுது, கை என்னுது, வாட்ச்சு சடையப்பன் சாருது. கோயமுத்தூர் ஸ்டேஷன் வர்ற வரைக்கும் என்னுதுன்னு வெச்சுக்கலாம்.

நான் ஆக்டிங் டிரைவருங்ணா. வீட்டு டிரைவரு லீவு போட்டா அன்னிக்கு ஒரு நாளைக்குப் போயி வண்டி ஓட்டறது. மூணு வருசம் எஞ்சினீயரிங் படிச்சேன், அப்பறம் நின்னுட்டேன். நானாத்தான் நின்னேன். காலேஜும் ரொம்ப வற்புறுத்தல. எங்கப்பா அன்னையில இருந்து என்கிட்டப் பேசறதில்ல. எங்கம்மாகிட்டச் சொல்லுவாரு, அவங்க என்கிட்டச் சொல்லுவாங்க. வீட்டுக்குள்ளயே எங்களுக்கு எஸ்டிடி.

ஆக்டிங் வேலை நல்ல வேலைங்ணா. ஏசி இருக்கும். கல்யாண மண்டபத்துல எறக்கி விட்டுட்டு பார்க்கிங்குல நாலு மணி நேரம் ராஜா மாதிரி உக்காந்திருக்கலாம். என்ன, பேரு மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க. "ஆக்டிங் வந்தாச்சா?" அப்பிடிம்பாங்க. நானும் "ஆக்டிங் வந்தாச்சுங்க"ம்பேன். ஒரு வீட்டுல ஒம்போது நாள் ஓட்டினேன். கடைசி நாள் அந்தம்மா, "நாளைக்கு ஆக்டிங் வேண்டாம், எங்க மாணிக்கம் வந்துட்டான்"னாங்க. எனக்கு மாணிக்கத்தோட பேரு, அவுரு ஊரு, அவுரு சுகரு எல்லாம் தெரியும்.

அதுக்காக ஆளில்லாதவன்னு நெனச்சுராதீங்க. ஃப்ரெண்ட்ஸுக்கெல்லாம் எனக்குப் பஞ்சமே கெடையாது. எல்லாரும் பெங்களூரு, புனே. பிஸி. நான்தான் தொந்தரவு பண்றதில்ல. போன பொறந்த நாளைக்கு காலைல ஆறு மணிக்கே மெசேஜு வந்து விழுந்துச்சு. ரெண்டு பேங்கு, ஒரு கண்ணாடிக் கடை. கண்ணாடிக் கடைக்காரன் ரொம்பப் பாசமா எழுதியிருந்தான்.

சடையப்பன் சாரு பம்புசெட்டு கம்பெனி மொதலாளி. டிரைவருக்கு மஞ்சக்காமாலை, நான் பத்து நாள் ஓட்டப் போனேன். வீட்டுல ஒரு இரும்புப் பீரோ நெறைய வாட்ச்சு. அவரு கம்பெனியப் பத்திப் பேச மாட்டாரு, புள்ளைங்களப் பத்திப் பேச மாட்டாரு. வண்டில ஏறினா வாட்ச்சு, எறங்கினா வாட்ச்சு. ஒரு நாள் சென்னைக்கு ஓட்டிட்டுப் போனேன். இந்த வாட்ச்சுல பன்னெண்டாம் நம்பரு அன்னிக்கே அவரு கையில இருந்துது. இத விக்கற கடைக்கு, கடைன்னா கோவிச்சுக்குவாங்க, அந்த எடத்துக்குப் போயிட்டு மூஞ்சத் தொங்கப் போட்டுட்டு வந்து ஏறினாரு.

"ஒரு ஆளுக்கு ஒண்ணுதான் தருவாங்களாம், நவநீ."

பேரு சொன்னாருங்ணா. அது ஒண்ணுக்காகவே நான் அவருக்கு நெருப்புல கூட ஓட்டியிருப்பேன்.

"அதான் ஒண்ணு வெச்சிருக்கீங்களே சார், இன்னொண்ணு எதுக்குங்க?"

"அது கட்டறதுக்கு. இது கட்டாம வெக்கறதுக்கு."

எனக்கு சென்டர் மீடியன் மேல வண்டி ஏறப் பாத்துச்சு. அவரு பொறுமையாச் சொன்னாரு. புது வாட்ச்சு பின்னாடி ஒரு கண்ணாடி ஸ்டிக்கரு ஒட்டியிருக்குமாம். செல்போனு வாங்கினா இருக்குமில்ல, அந்த மாதிரி. அத உரிக்காத வரைக்கும்தான் அதுக்கு மருவாதி. "உரிச்சா அது வாட்ச்சு. உரிக்காட்டி அதுதான் கலெக்‌ஷன்"னாரு. நான் எங்க பெரியம்மா வீட்டு சோபாவ நெனச்சுக்கிட்டேன். பதினோரு வருசமா பிளாஸ்டிக் கவரோட இருக்குது. அதுவும் கலெக்‌ஷன்தான் போல.

அப்பத்தான் அவரு திட்டத்தச் சொன்னாரு. அந்த எடத்துல காசக் கொண்டுட்டுப் போனா மட்டும் குடுத்துர மாட்டாங்க. மாப்பிள்ளைக்கு விசாரிக்கற மாதிரி விசாரிப்பாங்க. யாரு, என்ன, ஏற்கனவே என்னென்ன வெச்சிருக்காரு, வாங்கி வித்துருவாரா. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வாட்ச்சுக்காரங்க எல்லாம் ஒரு ஓட்டல்ல கூடுவாங்க. அங்க நாலஞ்சு மாசம் போயி, முகம் பழகி, அவங்க "இவன் நம்மாளு"ன்னு சொன்னாத்தான் அந்த எடத்து மேனேஜரு லிஸ்டுல பேரு போடுவாரு. சாருக்கும் அந்தக் கூட்டத்துக்கும் ஆகாது. பூட்டி வெக்கற ஆளுன்னு அவரக் கிண்டல் பண்ணிட்டாங்களாம்.

"நீ வாயாடி. நீ போ"ன்னாரு.

திருப்பூர் பனியன் கம்பெனி ஓனரு பையன். அதான் என் வேசம். ஒரு பனியன் கம்பெனில நான் மூணு வாரம் பீஸு செக்கிங் பண்ணியிருக்கேன். அந்த மூணு வாரத்த வெச்சு ஆறு மாசம் ஓட்டிட்டேங்ணா. ஒவ்வொரு மாசமும் சாரு பீரோவுல இருந்து ஒரு வாட்ச்சு எடுத்துக் குடுப்பாரு, கூட ஒரு துண்டுச் சீட்டு. எந்த வருசம் வந்தது, எத்தன பண்ணினாங்க, எங்க வாங்கினேன்னு சொல்லோணும். ரயில்ல மனப்பாடம் பண்ணிக்கிட்டே போவேன். பரீட்சைக்கு இதுல காவாசி படிச்சிருந்தாக் கூட எங்கப்பா இன்னைக்கு லோக்கல் கால்ல பேசிட்டிருப்பாரு.

அங்க ஒரு பழக்கம் இருக்குது. நடு மேஜைல ஒரு சாம்பக் கலரு வெல்வெட்டுத் துணி விரிப்பாங்க. வந்த ஒடனே எல்லாரும் வாட்ச்சக் கழட்டி அது மேல வெச்சறோணும். அப்பறம் காப்பி. யாரு வாட்ச்ச வேணா யாரு வேணா எடுத்துப் பாக்கலாம், காதுல வெச்சுக் கேக்கலாம். அத்தனை விலையான சாமான மேஜைல போட்டுட்டு வெறுங்கையோட உக்காந்து உப்புமா சாப்புடுவாங்க. எல்லாரு மணிக்கட்டுலயும் வெள்ளையா ஒரு பட்டை இருக்கும் பாருங்க, வாட்ச்சு கட்டிக் கட்டி.

மொத நாளு வசுமதி மேடம் என்ற கையப் புடிச்சுத் திருப்பிப் பாத்தாங்க. கொழந்தைங்க டாக்டரு அவங்க. அம்பது வயசு இருக்கும். என்ற கையில பட்டையே இல்ல. முழுசும் ஒரே கலரு. ஒடனே, "எங்க ஊரு வெயிலுக்கு ஓரவஞ்சனையே கெடையாதுங் மேடம், எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி அடிக்கும்"னு உட்டேன் பாருங்க. மேஜையே சிரிச்சுது. சாம்சன் சாருன்னு ஒருத்தரு, கப்பல்ல எஞ்சினீயரா இருந்தவரு, காப்பி பொரையேறி இருமினாரு. மேடமும் சிரிச்சாங்க. கைய விட்டுட்டாங்க. நம்பிட்டாங்க!

அவ்வளவு படிச்சவங்கள ஏமாத்தறது எவ்வளவு ஈசின்னு அன்னிக்குத்தாங்ணா தெரிஞ்சுது.

ரெண்டாவது மாசம் சாம்சன் சாரு வண்டிய எவனோ குறுக்க நிறுத்தி அடைச்சுட்டான். ஓட்டல் பையன் எடுக்கத் தெரியாம முழிக்கறான். நான் சாவிய வாங்கி ரெண்டே திருப்புல வெளிய கொண்டாந்துட்டேன். சாம்சன் சாரு கை தட்டினாரு. நான் பழக்க தோசத்துல எறங்கி அவருக்குக் கதவத் தொறந்து விட்டேன். அவரு ஒரு நிமிசம் நின்னாரு. அப்பறம் என்ற தோள்ல தட்டிட்டு, சுத்திப் போயி அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு, "ஒரு ரவுண்டு போலாமா, நீயே ஓட்டு"ன்னாரு. முன் சீட்டுல, என் பக்கத்துல. பணக்காரங்க ஒருத்தர ஒருத்தரு எப்பிடி நடத்திக்கறாங்க பாருங்க. நமக்கெல்லாம் அது வராது.

மூணாவது மாசம் எனக்குக் காச்சலு. ரூமுல படுத்துட்டேன். போகல. நாலாவது மாசம் போனா, உக்காரவே இல்ல, மேடம் கேக்கறாங்க, "போன மாசம் எங்க நவநீ? ஒரே போர் அடிச்சுது இங்க."

நான் வரலைன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்குங்ணா.

நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல, ஏதோ ஜோக்குதான் சொல்லியிருப்பேன். வாட்ச்சு பாக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். அங்க ஏசி ஜாஸ்தி, எனக்குக் கண்ணுல தண்ணி வரும். வாட்சப்பு குரூப்புல சேத்து விட்டாங்க. காலைல எந்திரிச்சாப் பன்னெண்டு மெசேஜு. எல்லாம் வாட்ச்சுதான், ஆனா நடுவுல "நவநீ எங்க, சத்தத்தையே காணோம்"னு ஒண்ணு கெடக்கும். ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. வேணும்னே ரெண்டு நாள் சத்தம் காட்டாம இருப்பேன், அந்த மெசேஜு வரட்டும்னு.

சரி, இன்னிக்குக் கதைக்கு வர்றேன். போன வாரம் மேனேஜரு போன் பண்ணிட்டாரு, "உங்க வாட்ச் வந்தாச்சு சார்"னு. சாரு என்னக் கூப்புட்டு உக்கார வெச்சுச் சொன்னாரு.

"அங்க ஒரு கெட்ட பழக்கம் இருக்குது. புது வாட்ச்சு வந்தா வாங்கினவன் ஸ்டிக்கர உரிக்கக் கூடாது. கூட்டத்துல ஒருத்தரு உரிச்சு, கட்டியும் விடுவாங்க. அதுக்கு விட்றாத. எங்க வீட்டுல சாமிக்கு வெச்சுட்டு அப்பாதான் உரிப்பாருன்னு சொல்லு."

"சரிங் சார்."

"எங்க, சொல்லிக் காட்டு."

சொல்லிக் காட்டினேன். அப்பான்னு சொல்லும்போது கொஞ்சம் பாசமாச் சொல்லச் சொன்னாரு. அதையும் பண்ணினேன்.

இன்னிக்குக் காலைல எல்லாரும் வந்திருந்தாங்க. பதினோரு பேரு. மழை தூறல் வேற, இருந்தும் வந்திருந்தாங்க. மேனேஜரு பொட்டியத் தொறந்தாரு. மேடம் கண்ணாடிய மாட்டிக்கிட்டு, "கையக் காட்டு"ன்னாங்க. ஊசி போடற மாதிரி. நான் வாயத் தொறந்தேன். என் வாயி தொறந்தா எதாச்சும் வந்துரும்ணா, பொறந்ததுல இருந்தே அப்பிடித்தான். சாமி, அப்பா, எல்லாம் ரெடியா நாக்கு நுனில நிக்குது. வரல. அங்க ஏசி ஜாஸ்தின்னு சொன்னேன்ல.

சர்ருன்னு ஒரே இழுப்பு. உரிச்சுட்டாங்க.

கைய அவங்க மடில வெச்சு, பெல்ட்டு ஓட்டையில கம்பிய மாட்டிக்கிட்டே மெதுவாச் சொன்னாங்க. "வாட்ச் யாரோடதா வேணா இருக்கட்டும், நவநீ. கை உன்னோடது."

என்ற கைக்கு எப்பேர்ப்பட்ட பாராட்டு பாருங்க! ஸ்டீயரிங் புடிச்சுப் புடிச்சு நல்லா வந்திருக்குது போல.

எல்லாரும் கை தட்டினாங்க. காப்பி கொண்டாந்தவரு கூட டிரேயக் கீழ வெச்சுட்டுத் தட்டினாரு. கெளம்பும்போது லிஃப்ட்டு வரைக்கும் மேடம் வந்தாங்க. "அடுத்த மாசம் வா. வாட்ச் கட்டிட்டு வரணும்னு ஒண்ணும் இல்ல. சும்மா வா"ன்னாங்க. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். வாட்ச்சு மீட்டிங்குக்கு வாட்ச்சு இல்லாம வரச் சொல்றாங்க பாருங்க, எப்பேர்ப்பட்ட கிண்டலு! அவங்க சிரிக்கவே இல்ல. ஜோக்கு சொல்றவங்க சிரிக்கக் கூடாது, அது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. என்கிட்டயிருந்து கத்துக்கிட்டிருப்பாங்க.

காட்பாடி தாண்டி ஒரு போன் வந்துச்சுல்ல, நான் எந்திரிச்சுக் கதவுகிட்டப் போனேன்ல? அது சாரு.

"ஸ்டிக்கரு இருக்குதா?"

"இல்லீங் சார்."

நான் திட்டுக்கு ரெடியாயிட்டேன். நல்லாத் திட்டட்டும், வேலைய விட்டுப் போடாம்பாரு, அப்பறம் ரெண்டு நாள்ல கூப்புடுவாரு. திட்டறது ஒறவுதாங்ணா, எங்கப்பா திட்டற வரைக்கும் வீடு நல்லாத்தான் இருந்துது.

"சரி, பரவால்ல"ன்னாரு. "இத நான் மாத்தி மாத்திக் கட்டிக்கறேன். பூட்டி வெக்கறதுக்கு வேற ஒண்ணு எடுத்துக்கலாம். நாப்பத்திநாலாம் நம்பரு இன்னும் அவங்ககிட்டத்தான் இருக்குதாம். சுதாகர அனுப்பறேன்."

"சுதாகரு யாருங் சார்?"

"நம்ம அக்கவுண்ட்ஸ் பையன். டீசண்டா இருப்பான், அதிகம் பேச மாட்டான். நீ குரூப்புல துபாய்ல வேலை கெடச்சுருச்சுன்னு போட்டுட்டு வெளிய வந்துரு. உன்னையும் அவனையும் சேத்துப் பாத்தா சந்தேகம் வரும். வாட்ச்ச ஸ்டேஷன்ல டிரைவருகிட்டக் குடுத்துரு."

அவ்வளவுதாங்ணா. கோவமே இல்ல. பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரன் எறங்கினா நாம கால நீட்டிக்கறோம்ல, அந்த மாதிரி.

நான் சொன்னேன், "ஒடனே வெளிய வந்தாத்தானுங் சார் சந்தேகம் வரும். ஒரு வாரம் கழிச்சு வர்றனே." "அதுவுஞ்சரி"ன்னாரு. பாத்தீங்களா மூளைய? ஒரு வாரம் வாங்கிட்டேன்.

அங்கதான் உங்க ஒதவி வேணும்.

புது வாட்ச்சு வாங்கினா மொத வாரம் தெனம் ஒரு போட்டோ போடோணும். அது குரூப்பு வழக்கம். கையோட, வாட்ச்சோட, அன்னிக்கு எங்க இருக்கோம், என்ன பண்றோம்னு. அத வெச்சு ஒரு நாள் முழுக்கப் பேச்சு ஓடும். நாளையில இருந்து என் கையில வாட்ச்சு இருக்காது. அதனால ஏழையும் இப்பவே எடுத்துக்கலாம்னு பாக்கறேன். ஈரோடு தாண்டினா இருட்டிரும். உங்களுக்கு வேலை ஒண்ணும் இல்லைல்ல? நீங்களும் சும்மாத்தான் உக்காந்திருக்கீங்க.

மூணு சட்டை வெச்சிருக்கேன். திங்கக்கெழமை இந்த நீலம், ஜன்னலோரம். டயரு கம்பெனிக்குப் போறேன்னு போட்டுக்கலாம். பனியனுக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம்னா? நீங்க வேற மேடம் மாதிரியே கேக்கறீங்க. செவ்வாக்கெழமை டீக் கப்பு. புதங்கெழமைக்கு டாய்லெட்டுல போயி சட்டைய மாத்திக்கிட்டு வர்றேன்.

ஒரே ஒரு தொந்தரவு. இதுல தேதி காட்டும், கூட நிலாவும் காட்டும், இந்தப் பச்சை டயலுக்கு நடுவுல பாருங்க, துளியூண்டு. தெனம் வளரும். நூத்தி இருவத்திரெண்டு வருசத்துக்கு ஒரு நாளுதான் தப்பாப் போகுமாம். எனக்கெல்லாம் வாரத்துக்கு ஆறு நாளு. அவங்க போட்டோவப் பெருசு பண்ணி நிலாவப் பாக்கற ஆளுங்க. அதனால ஒவ்வொரு போட்டோவுக்கும் தேதியும் நிலாவும் ஒரு நாள் தள்ளோணும். ஓரத்துல ரெண்டு குழி பட்டன் இருக்குது, பல்லுக்குச்சில அமுத்தினா நவுந்துரும். சமோசாவோட குடுத்தாங்கல்ல, அந்தக் குச்சியத் தூக்கிப் போட்டுறாதீங்க.

இன்னிக்குப் பதினாலு. பாத்துக்கங்க. டக். பதினஞ்சு. டக். இப்ப நிலாவும் வந்துருச்சு. திங்கக்கெழமை. இந்தாங்க என்ற போனு, எடுங்ணா. கொஞ்சம் கிட்ட. விரலு மறைக்குது. ம், சூப்பரு.

டக். டக். செவ்வா. கப்பத் தூக்கறேன்.

பாத்தீங்களா, என்ன வேகமாப் போகுது வாரம். ரூமுல இருந்தா ஒரு செவ்வாக்கெழமை முடியறதுக்குள்ள எனக்கு ரெண்டு வயசு ஆயிரும்.

நீங்க ஏன்ணா அப்பிடிப் பாக்கறீங்க? நேராப் போயி உண்மையச் சொன்னா என்னவா? எதச் சொல்றது? டிரைவருன்னா? நல்லா இருக்கே. ஆறு மாசம் கஷ்டப்பட்டு வாங்கின பேரு. அவங்க மனசு ஒடஞ்சுருமுங்ணா, பாவம், அவ்வளவு நம்பறாங்க. நான் அவங்களுக்காகத்தான் பாக்கறேன்.

இருங்க, சட்டை மாத்திக்கிட்டு வந்தர்றேன். வாட்ச்ச நீங்க வெச்சுக்கங்க. அட புடிங்ணா, ஓடிருவீங்களா என்ன, ஓடற ரயில்ல.

ம். எப்பிடி? புதங்கெழமை மாதிரி இருக்கனா? டக் டக். எடுங்க. டக் டக். வியாழன், சீட்டுக் கம்பியப் புடிச்சுக்கறேன், ஜிம்முன்னு போட்டுக்கலாம். டக் டக். வெள்ளி, உங்க பேப்பரக் குடுங்க, தேதி தெரியாம மடிச்சு. டக் டக். சனிக்கெழமை, மூணாவது சட்டை, அத மேலயே போட்டுக்கறேன், யாரும் பாக்கல. எடுங்க. ஆறு ஆச்சா?

இன்னும் ஒண்ணு. டக். டக். இருவத்தொண்ணு. நிலா பாருங்க, முழுசுக்குப் பக்கத்துல வந்துருச்சு.

இது ஞாயித்துக்கெழமை. ஞாயித்துக்கெழமை போயி ஒருத்தன் ஒத்தக் கையோட உக்காந்திருந்தா நல்லா இருக்காதுல்ல? பனியன் கம்பெனி ஓனரு பையன் வேற. அதனால, தப்பா நெனச்சுக்காட்டி, உங்க கைய இப்பிடி என்ற கை பக்கத்துல வைங்ணா. போனக் குடுங்க, நான் எடுத்துக்கறேன். கொஞ்சம் சாதாரணமா வைங்க. ரெண்டு பேரும் டீ சாப்புட வந்து பேசிட்டு இருக்கற மாதிரி. ஆங், அப்பிடியே. ஆட்டாதீங்க.

வந்துருச்சு. நல்லா வந்துருச்சுங்ணா, பாருங்க.

கூட யாருன்னு கேட்டா ஃப்ரெண்டும்பேன். மேடம் விட மாட்டாங்க, ஒடனே ஃப்ரெண்டு பேரென்னன்னு கேப்பாங்க.

உங்க பேரு என்னங்ணா?